பெருங்கல்லும் சிறு துளையும்

கல்லடைப்பு என்னும் நோய் மனித குலத்தோடு மிகப் பழைய காலந்தொட்டே உறவு கொண்டாடி வருவது. எகிப்து நாட்டிலே எல் அம்றா என்னுமிடத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கஞ் செய்யப்பெற்ற இளைஞன் ஒருவனுடைய இடுப்பெலும்புகளுக்கிடையே கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. கிரேக்க நாட்டு வைத்தியப் பேராசான் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் சத்தியப் பிரமாணத்திலே, கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லையென்றும், அவ்வேலையை அதற்கென்றே பயின்றவர்களிடம் விட்டுவிடுவதாகவும் வைத்தியன் உறுதி கூறும் பகுதியொன்று உண்டு. பாரத நாட்டிலே சுசுருதர் கல்லகற்றும் முறையை விரிவாக எழுதி வைத்தவர். அவருங்கூட, கத்தி வைக்காவிடின் மரணம் நிச்சயம், வைத்தாலோ பிழைப்பது சந்தேகம், ஆகையால் அரசனிடம் அனுமதி பெற்ற பின்னரே இதனைத் தொடங்குதல் வேண்டும் என்ற கருத்தைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறார். இலண்டன் நகரத்து நாட்குறிப்பாசிரியர் சாமுவேல் பீப்ஸ் 1658ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆந் திகதி கல்லகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு உயிர் தப்பினார். அந்நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடுவதெனத் தீர்மானித்துக் கொண்டார். மயக்கமருந்து என்பதொன்று இல்லாத காலம் அது. கொண்டாட வேண்டிய நாள்தான்.

இவையெல்லாம் சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல்லைப் பற்றிய செய்திகள். சிறுநீர்ப்பை அடிவயிற்றிலே, கைக்கெட்டும் இடத்தில் இருப்பது. சிறுநீரகமோ அவ்வாறன்று. நேயர்கள் தம் இடுப்பின் இருபுறத்தும் கைகளை ஊன்றி, பெருவிரல்களை முதுகுப்புறமாக மேலே நகர்த்திச் செல்வார்களாயின், கடைசி விலாவெலும்பு தட்டுப்படும். அவ்வெலும்பின் மறைவிலே, தடித்த தசைகளுக்கு முன்னால், கொழுப்புப் போர்வை போர்த்துக்கொண்டு இருப்பது சிறுநீரகம். ஏறத்தாழப் 11 சென்ரிமீற்றர் நீளமும் 150 கிராம் நிறையும் உள்ள அவ்வவரை வடிவ உறுப்பு பார்வைக்குச் சிறியதே. ஆயினும், இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம், இச்சிறுநீரகங்கள் இரண்டின் ஊடாகவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீர் நிரம்பிய கடற்பஞ்சு போல இரத்தம் நிரம்பிய உறுப்பு அது. அதிலே கத்தி வைப்பதென்றால் எவருக்கும் கை நடுங்கும். ஹைடெல்பேர்க் நகரத்துப் பேராசிரியர் குஸ்தாவ் சைமன், ஒரு சிறுநீரகத்துடன் உயிர் வாழ முடியுமா என்பதை நாய்களிலே செய்து பார்த்துத் தெளிந்த பின்னர், 1869ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை முழுவதுமாக அகற்றி அவளைப் பிழைக்க வைத்தார். சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கல்லை மட்டும் எடுக்கும் சத்திரசிகிச்சை அதன் பின்னரே வந்தது.

சிறுநீரகத்தின் உட்புறம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் நன்று. இரத்தத்திலிருந்து வடிந்த சிறுநீர், சிறுசிறு கூம்புகளின் நுனிகளிலிருந்து சொட்டுகிறது. ஒவ்வொரு கூம்பு நுனியையும் ஒரு சிறு கிண்ணம் ஏந்தி நிற்கிறது. கிண்ணங்களின் காம்புகள் ஒன்றுகூடிப் புனல் போன்ற ஒரு பையிலே முடிகின்றன. அப்புனலின் அடியிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய் சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டு செல்கிறது. ஒரு மரத்தைத் தலைகீழாய் நிறுத்தினாற் போன்ற தோற்றம் எனலாம். கிண்ணத்திலே தோன்றிய ஒரு சிறு கல் நழுவி அக்குழாயில் அகப்பட்டுக் கொள்ளும்போதுதான் ஆளைத் துடிக்க வைக்கும் அந்த வலி எழுகின்றது. நோயாளி நிற்கவும் முடியாமல் கிடக்கவும் முடியாமல் புரளுவான். ஆனால் 5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களிற் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும்.

பெரிய கல்லின் குணம் இதற்கு நேர்மாறு. அது குழாய்க்குள் இறங்க முடியாத பருமனுடையதாகையால், புனற்பையிலேயே உட்கார்ந்து கொண்டு, கிண்ணங்களுக்குள் கிளை விட்டு வளர்கிறது. கதிர்ப்படத்திலே பார்த்தால் கலைமானின் கொம்பு போலவே தோன்றும். வைத்தியர்களும் மான்கொம்புக் கல் என்றே அதனை அழைக்கிறார்கள். இவ்வகைக் கற்களிற் பல நுண்கிருமிகளின் கைவேலை. புரோட்டியஸ் முதலிய சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகின்றன. அதனாற் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. மகனீசியம், அமோனியம், பொசுபேற்று ஆகியவை ஒன்று சேர்ந்து படிகின்றன. கல்லின் ஒவ்வொரு படைக்குள்ளும் கிருமிகள் குடியிருக்கும். மருந்து கொடுத்தாற் சிறுநீரிலுள்ள கிருமிகள் மடியும். கல்லுக்குள்ளே இருப்பவை மருந்து நின்றதும் மீண்டும் வெளிவரும். இவ்வளவும் நடக்கும்போது நோயாளிக்கு இடுப்பிலே ஒரு மந்தமான உளைச்சல், இடையிடையே ஒரு காய்ச்சல், அவ்வளவுதான் தெரியும். சிலருக்கு அதுவுந் தெரியாது. ஊரைக் கூட்டி அலற வைக்கும் சிறு கல் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாமற் போய்விட, சத்தமின்றி இருக்கும் பெருங்கல் சிறுநீரகத்தையே அழித்துவிடுகிறது.

இக்கல்லை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்போர் எக்காலத்திலும் உளர். இலண்டனைச் சேர்ந்த ஜோன் பிளான்டியும் சிங் என்பவரும் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. மான்கொம்புக் கல்லைச் சத்திரசிகிச்சையின்றி விட்டுவைத்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் பத்தாண்டு காலத்தில் இறந்தார்கள்; சத்திரசிகிச்சை பெற்றவர்களிலே அத்தொகை நூற்றுக்கு 7 அளவிலேயே இருந்தது. வலி இல்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று எண்ணுவோர் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

கல் எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி கொழும்பு இராணுவ வைத்தியசாலையிலே ஒருவருடைய சிறுநீரகத்திலிருந்து அகற்றப்பட்ட கல் 13.372 சென்ரிமீற்றர் நீளமும் 801 கிராம் நிறையும் இருந்தது. சிறுநீரகத்தின் இயல்பான நிறையை மேலே கூறினோம். ஐந்து சிறுநீரகங்களின் நிறையுள்ள கல் ஒரு சிறுநீரகத்துக்குள் இருந்தது! கின்னஸ் சாதனை நூலார் அதனை உலகத்தின் மிகப் பெரிய சிறுநீரகக் கல்லெனப் பதிந்து கொண்டனர். இத்தகைய கல் கோடியில் ஒன்று. ஆனால் 2, 3, 4 சென்ரிமீற்றர்க் கற்களோடு வைத்தியசாலைக்கு வருவோர் எந்நாளும் வந்தவண்ணமே இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

ஒரு தலைமுறைக்கு முன்னர் அவர்களுக்கு இருந்த வழி ஒன்றே. விலாவின் கீழே முதுகிலிருந்து வயிற்றுப்பக்கம் வரை சாய்வாக ஒரு நீண்ட கீறல். மூன்று படைத் தசைகளை அறுத்தல். வேண்டுமாயின் கடைசி விலாவெலும்பின் ஒரு துண்டையும் நீக்குதல். அதன்பின் சிறுநீரகத்தைத் திறத்தல். கிளைவிட்ட கல்லாயின், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிறிது நேரம் பிடித்து அடைத்து, உறுப்பைப் பனிக்கட்டியாற் குளிர வைத்து, அதனை நீளவாக்கிலே பிளந்து கல்லை எடுத்து, மீண்டும் தைத்து மூடுவார்கள். எங்கே பிளப்பது என்பதுதான் கேள்வி. இக்கேள்விக்கு விடை கண்டவர் வைத்தியரல்லர் என்பது சுவையான செய்தி. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே சித்திரக்கலை பயின்று, 1894இல் அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ நிலையத்துக்குப் படம் வரையச் சென்ற மாக்ஸ் புரோடெல் என்பவரே அவர். உள்ளதை உள்ளபடி வரைய வேண்டுமாயின் உள்ளதை முதலில் அறிய வேண்டும் என்ற பிடிவாதமுடைய அவ்வோவியர், சிறுநீரகத்து இரத்தக் குழாய்களின் போக்கை ஆராய்ந்து, முன்பாதிக்கு இரத்தம் கொடுக்கும் கிளைகளும் பின்பாதிக்குக் கொடுக்கும் கிளைகளும் ஒன்றையொன்று நெருங்கும் எல்லைக்கோடு, உறுப்பின் வெளிவிளிம்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது என்று 1901இல் எழுதினார். பெருங்குழாய்கள் குறுக்கிடாத அந்த இடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று மாணவரைச் சிறு வயதிலேயே இரு கூடுகளில் அடைத்துவிடும் கல்விமுறை, புரோடெலைப் போன்ற ஒருவரை எக்கூட்டில் அடைத்திருக்குமோ தெரியாது.

திறந்து செய்யும் சத்திரசிகிச்சை பலருடைய உயிரைக் காத்தது. அதனைக் குறை கூறுவது நன்றியன்று. ஆனால் அதன் விலை அதிகம். வாரக் கணக்கிற் படுக்கை, மாதக் கணக்கிற் பாரந் தூக்க முடியாத நிலை, கீறிய இடத்திலே தசை தளர்ந்து புடைத்தல் ஆகியவை ஒருபுறமிருக்க, பெருங் குறை வேறொன்று. கல் மீண்டும் உண்டாகும் நோய் இது. கல் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுள் மறுபடி கல் தோன்றுகிறது. முதற் சத்திரசிகிச்சையின் தழும்பு, சிறுநீரகத்தைச் சுற்றுப்புறத்தோடு ஒட்டிப் பிணைத்துவிடும். இரண்டாம் முறை திறப்பது இருமடங்கு கடினம். மூன்றாம் முறையில் உறுப்பையே இழக்க நேரிடும். ஆகவே, வீட்டைக் கட்டிடத்தோடு இடிக்காமற் சாவித்துவாரத்தின் வழியாக உட்புகுந்து பொருளை எடுத்துவர இயலுமா என்று வைத்தியர்கள் சிந்திக்கத் தொடங்கினார்கள்.

1941ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ரூப்பெல், பிறவுண் என்னும் இருவர், முன்னர் செய்த சத்திரசிகிச்சையால் ஏற்கெனவே இருந்த ஒரு வழியினூடாக நோக்குகருவியைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லொன்றை எடுத்தனர். 1955இல் வில்லார்ட் குட்வின் என்பவரும் அவருடைய தோழர்களும், அடைப்பினால் வீங்கிய சிறுநீரகத்தினுள் முதுகுத்தோலினூடாகவே ஊசியைச் செலுத்தி, மெல்லிய குழாயொன்றை வைத்துச் சிறுநீரை வடியச் செய்யலாம் என்று காட்டினார்கள். நீர் வெளியே வரும் வழியாகக் கல்லும் வரலாமல்லவா? இவ்வெளிய கேள்வியைக் கேட்டுச் செய்து பார்க்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமிலே கதிர்ப்பட நிபுணர் பேர்ன்ஸ்ட்ரோம் என்பவரும் சத்திரசிகிச்சை நிபுணர் யொஹான்சன் என்பவரும் ஒன்றுசேர்ந்து, கல்லை எடுப்பதற்கென்றே தோலிலிருந்து சிறுநீரகத்துக்கு ஒரு வழியை உண்டாக்கி, அவ்வழியைச் சிறிது சிறிதாக அகலமாக்கி, கதிர்ப்படத் திரையிலே பார்த்துக்கொண்டே கல்லைப் பற்றி வெளியே இழுத்தனர். 1976ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவர்கள் மூன்றே நோயாளிகள். விட்டுவைத்த கல் உயிருக்கு ஆபத்து என்று இலண்டன் ஆய்வு எச்சரித்ததும், கத்தியின்றி அதனை எடுக்கலாம் என்று ஸ்டொக்ஹோம் கட்டுரை காட்டியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. ஜேர்மனியின் மைன்ஸ் நகரத்திலே பீற்றர் அல்க்கன், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் உலோகக் குழல்களைச் செய்து, நாட்கணக்கிற் செய்த வழியகற்றலை நிமிடக் கணக்கிற் செய்தார். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆர்தர் சிமித் என்பவரும், இலண்டனில் ஜோன் விக்கமும் கெல்லெற்றும் இதனைப் பலருக்குச் செய்து ஒழுங்குபடுத்தினர். உடம்பை இயன்ற அளவு குறைவாகக் காயப்படுத்திச் செய்யும் சத்திரசிகிச்சை என்ற கொள்கையையே ஒரு பெயராக்கி உலகிற் பரப்பியவர்களுள் விக்கம் முதல்வரிசையில் நிற்பவர்.

இதற்கிடையிலே ஒரு போட்டியாளனும் தோன்றினான். ஆகாய விமானங்கள் அமைக்கும் டோர்னியர் நிறுவனத்தார், மழைத்துளிகள் மோதுவதால் விமானத்திலே உண்டாகும் சேதத்தை ஆராய்ந்தபோது, அதிர்ச்சியலைகள் ஒரு பொருளினூடே பாய்ந்து செல்லும் தன்மையைக் கண்டனர். அவ்வலைகளை ஒரு புள்ளியிலே குவித்தால் உடம்பைத் தொடாமலே கல்லை உடைக்கலாம் என்ற எண்ணம் அதனாற் பிறந்தது. மியூனிக் நகரிலே 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி கிறிஸ்டியன் சௌசியும் அவரோடு சேர்ந்தோரும் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையை அளித்தனர். ஊசியும் வேண்டாம், துளையும் வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். சிறு கற்களைப் பொறுத்தவரை மகிழ்ச்சி நியாயமே. ஆனால் பெருங்கல்லை உடைத்தால் அத்தனை நொறுங்கலும் எங்கே போவது? அவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய குழாயில் இறங்கி, வரிசையாக அடைத்துக்கொண்டன. கதிர்ப்படத்தில் அது கல் பதித்த தெருப் போல இருந்தமையால், ஜேர்மன் மொழியிலே கல்வீதி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்கள். உடைத்தல் மட்டும் போதாது, உடைத்ததை அள்ளவும் வேண்டும் என்பது இவ்வாறு தெரிந்தது. 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கல்லுக்கும் மான்கொம்புக் கல்லுக்கும் முதற்கண் செய்ய வேண்டியது முதுகுத்துளை வழிச் சிகிச்சையே என்று ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் சங்கங்கள் இன்றும் கூறுகின்றன.

இனி, அது செய்யப்படும் விதம். முதலிற் சிறுநீரைச் சோதித்துக் கிருமி உண்டாவெனப் பார்த்து, உண்டாயின் அதற்கேற்ற மருந்தைச் சில நாட்கள் கொடுப்பார்கள். இப்படியைத் தாண்டிக் குதிக்கும் அவசரம் ஆபத்தானது. சீற்றி ஸ்கான் படத்தினால் கல்லின் வடிவம், கிண்ணங்களின் நிலை, அருகிலுள்ள குடல், நுரையீரலின் உறை ஆகியவை எங்கெங்கே உள்ளன என்பவற்றைக் கணித்துக் கொள்வார்கள். நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்த பின்னர், சிறுநீர்ப்பை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை மேலே ஏற்றி, கதிர்ப்படத்தில் நிழல் காட்டும் திரவத்தை அதனூடாகச் செலுத்துவார்கள். மரத்தின் கிளைகள்போலக் கிண்ணங்கள் அனைத்தும் திரையிலே தோன்றும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது பழைய வழக்கம். ஸ்பானிய நாட்டு வல்டிவியா என்பவர் காட்டியபடி மல்லாந்த நிலையிலேயே, பக்கவாட்டிற் சற்று உயர்த்திச் செய்வோரும் இப்பொழுது பலர்.

அடுத்து வருவதே முழுச் சிகிச்சையினதும் உயிர்நிலை. கடைசி விலாவின் கீழே தோலிற் புகும் ஊசி, தசையைக் கடந்து, சிறுநீரகத்தின் பின்வரிசைக் கிண்ணமொன்றை, அதுவும் அதன் நேர் உச்சியிலே, கூம்பின் நுனி வழியாகச் சென்று குத்த வேண்டும். ஏன் அப்படி? கூம்பின் நடு வழியே பெரிய இரத்தக் குழாய்கள் இல்லை; அவை கூம்புகளுக்கிடையே, கிண்ணத்தின் காம்பை ஒட்டிச் செல்கின்றன. உச்சியிலே குத்தினால் ஓவியர் புரோடெல் காட்டிய வெறுவெளியினூடே ஊசி செல்லும். காம்பிலோ புனற்பையிலோ நேரே குத்தினால், குழாயொன்று கிழிந்து குருதி பீறிடக்கூடும். சில மில்லிமீற்றர் வித்தியாசம் அவ்வளவே. மூச்சு விடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் அசைவதையும், தட்டையான திரையிலே ஆழந் தெரியாமையையும் எண்ணிப் பார்த்தால் இவ்வொரு குத்தின் அருமை விளங்கும். ஊசியின் உள்ளாணியை எடுத்ததும் ஒரு துளி சிறுநீர் வெளியே வரும். அந்த ஒரு துளிக்காகவே அறையிலுள்ளோர் எல்லோரும் காத்திருப்பார்கள்.

பின்னர் ஊசியினூடாக வளையும் தன்மையுள்ள ஒரு கம்பியை உள்ளே செலுத்தி ஊசியை எடுத்துவிடுவார்கள். வழி தவறாமற் காப்பது இக்கம்பியே. அதன்மேற் குழல்களை ஒன்றன்பின் ஒன்றாகவோ, காற்றடைத்த சிறு பலூனையோ ஏற்றித் துளையை அகலமாக்குவார்கள். இங்கே தசை அறுக்கப்படுவதில்லை; நார்கள் பக்கங்களுக்கு விலகிக் கொடுக்கின்றன; குழலை எடுத்ததும் மறுபடி கூடிக்கொள்கின்றன. கடைசியாக வைக்கும் உறையின் குறுக்களவு 10 மில்லிமீற்றர், சுண்டுவிரற் பருமன். அதனூடாக விளக்கும் கமராவும் பொருத்திய நோக்குகருவி உட்செல்லும். உட்புறத்தைத் தெளிவாகக் காண இடைவிடாது உப்புநீர் பாய்ச்சுவார்கள். வெறும் நீரைப் பாய்ச்சினால் அது இரத்தத்திற் கலந்து உடம்பின் உப்பளவைக் குறைத்துவிடும். கல் கண்ணிற்பட்டதும் நுண்ணொலி அலையாலோ, காற்றழுத்தத்தால் இடிக்கும் சிறு கோலாலோ, லேசர் ஒளியாலோ அதனை உடைத்து, துகள்களை உறிஞ்சியும் துண்டுகளை இடுக்கியாற் பற்றியும் வெளியேற்றுவார்கள். கிளைவிட்ட கல்லாயின் ஒரு துளை போதாமல் இரண்டாவது துளை வேண்டியும் வரலாம். முடிவில் முதுகிலே ஒரு வடிகுழாயை ஓரிரு நாட்கள் வைத்திருப்பதுண்டு. குருதி கசியாவிடின் அதனை வைக்காமலே விடுவதும் உண்டு. நோயாளி மறுநாள் எழுந்து நடப்பார். பெரும்பாலும் சில நாட்களில் வீடு செல்வார்.

இவ்வளவையும் கேட்டபின், துளைதானே, பயம் எதற்கு என்று நேயர் சிலர் எண்ணலாம். சிறு காயம் என்ற பெயர் பலரை ஏமாற்றுகின்றது. துளை தோலிலேதான் சிறிது. உள்ளே நடப்பது இரத்தம் நிரம்பிய உறுப்பொன்றின் மேற் செய்யும் பெருஞ் சத்திரசிகிச்சையே. 2007 முதல் 2009 வரை பல நாடுகளிலுள்ள 96 நிலையங்களிலே, 5,800க்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றித் திரட்டிய கணக்கொன்று உண்டு. நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேருக்குக் கல் முற்றாக நீங்கியது. 6 பேருக்குச் சற்றுக் குறைவானோருக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தது. நூற்றுக்குப் பத்துப் பேரளவுக்குக் காய்ச்சல் கண்டது. விலாவுக்கு மேலே குத்த நேர்ந்தால் நுரையீரலின் உறையிலே நீர் சேரலாம். வீடு சென்ற பின்னும் ஒரு வாரம், இரண்டு வாரங் கழித்துச் சிலருக்குத் திடீரெனச் சிறுநீரிலே குருதி பெருகுவதுண்டு. அப்பொழுது தாமதமின்றி வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். குருதியைவிட அஞ்சத்தக்கது, கல்லுக்குள் ஒளிந்திருந்த கிருமிகள் கல் உடையும்போது இரத்தத்திற் பரவுதல். முன்னே சொன்ன சிறுநீர்ச் சோதனை எதற்கென்பது இங்கே தெளிவாகும். வைத்தியர் இவற்றை எடுத்துச் சொல்லும்போது கையொப்பமிடும் அவசரத்திலே பலர் காது கொடுப்பதில்லை. வைத்தியருட் சிலரும் சொல்வதற்குப் பொறுமை கொள்வதில்லை. இரண்டுந் தவறு. மற்றொரு புறத்திலே, அந்நாளைய நீண்ட கீறலை மனத்திலே வைத்துக்கொண்டு, தந்தைக்கு நேர்ந்ததே தமக்கும் நேருமென அஞ்சி, ஆண்டுக்கணக்கிற் கல்லைச் சுமந்து திரிவோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணமாயிருந்த கத்தி பெரும்பாலும் விலகிவிட்டது. அச்சம் மட்டும் விலகவில்லை.

துளையை இன்னுஞ் சிறிதாக்கும் முயற்சி குழந்தைகளை முன்னிட்டே பெரிதும் எழுந்தது. ஒரு சிறு பிள்ளையின் சிறுநீரகத்திலே சுண்டுவிரற் பருமனான வழி என்பது அளவுக்கு மிஞ்சியதல்லவா? 1990களின் பிற்பகுதியிலே 5 மில்லிமீற்றர் அளவிலே வேலை செய்யும் கருவிகள் வந்தன. இந்தியாவிலே குஜராத் மாநிலத்து நடியாத் என்னும் சிறு நகரில் உள்ள முல்ஜிபாய் பட்டேல் சிறுநீரக மருத்துவமனை இத்துறையிலே உலகப் புகழ் பெற்றது. அங்கே மகேஷ் தேசாயும் அவர் குழுவினரும் 2011ஆம் ஆண்டு, 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த பருமனுடைய, கண் பொருத்திய ஊசி ஒன்றினாலேயே குத்தவும் பார்க்கவும் உடைக்கவும் கூடிய முறையை வெளியிட்டனர். எனினும் மிக நுண்ணிய துளை சிறு கல்லுக்கே ஏற்றது. பெருங்கல்லின் துண்டுகளை அதனூடாக வெளியே எடுக்க முடியாது. கல்லின் அளவுக்கேற்பத் துளையைத் தேர்தல் நிபுணரின் பொறுப்பு.

வாழைத்தண்டுச் சாறும் சிறுநெருஞ்சிக் குடிநீரும் கல்லைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளிலே வேரூன்றியது. சிறு கல் தானாகவே போகும். போன புகழ் வாழைத்தண்டுக்குச் சேரும். அதில் யாருக்கும் நட்டமில்லை. யூரிக் அமிலத்தால் ஆன கல்லை, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தினாற் கரைக்க இயலும் என்பதும் உண்மையே. ஆனால் கல்சியம் ஒட்சலேற்றுக் கல்லோ கிருமிகள் கட்டிய மான்கொம்புக் கல்லோ சாற்றுக்குக் கரைந்து மறையுமென்று காத்திருப்பது, சிறுநீரகத்தைப் பணயம் வைத்து ஆடும் சூதாட்டம்.

தண்ணீரின் மகிமை வேறு. இத்தாலியிலே போர்கி என்பவரும் அவர் குழுவினரும், முதன்முறை கல் கண்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நாளொன்றுக்கு 2 லீற்றர் சிறுநீர் கழியும்படி நீர் அருந்தச் செய்து, ஐந்தாண்டுகள் கவனித்தனர். அவர்களிலே நூற்றுக்கு 12 பேருக்கே மீண்டும் கல் வந்தது. மற்றைப் பிரிவிலே 27 பேருக்கு வந்தது. 1996இல் வெளிவந்த இந்த ஆய்வின் மருந்து வெறும் நீர்தான். ஆயினும் வெயிலிலே வயலிலும் கடலிலும் உழைப்போர், மணிக்கணக்கில் வண்டி ஓட்டுவோர் ஆகியோருக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை. கழிப்பிடம் துப்புரவாக இல்லாத பாடசாலைகளிலே, காலையிலிருந்து பிற்பகல் வரை ஒரு மிடறு நீரும் குடியாமல் இருக்கப் பழகிக் கொள்ளும் பெண்பிள்ளைகளைப் பற்றி எவரும் கணக்கெடுப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நீர் அருந்து என்று புத்தி சொல்வதற்கு முன் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டும். பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டாற் கல் வராது என்பதும் பிழையான எண்ணம். போர்கி குழுவினரே 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கல்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கல்சியத்தை வழக்கம்போல உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது.

சிகிச்சை முடிந்ததும் நோயாளிகளிற் பலர் கேட்பது, எடுத்த கல்லைத் தங்கள் கையிலே தருவார்களா என்பது. சிறு போத்தலிலே இட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் உறவினருக்குக் காட்டி மகிழ்வதுண்டு. கொண்டு போகலாம், ஆனால் அதில் ஒரு துண்டாயினும் முதலிலே இரசாயன சோதனைக்குப் போக வேண்டும். அக்கல் எவற்றால் ஆனது என்பது தெரிந்தால்தான், அடுத்த கல்லைத் தடுக்க எந்த மருந்து, எந்த உணவு என்பதைக் கூற முடியும். கிருமிக் கல்லாயின், சிறுநீரகத்திலே பின்தங்கிய ஒரு சிறு துணுக்குப் போதும், அதனைச் சுற்றி மறுபடியும் கொம்பு முளைக்கும். ஆகையாற் சில வாரங்களுக்குப் பின் ஸ்கான் படமொன்று எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வலி இல்லையென்று அந்த நாளைத் தவறவிடுவோரே மிகுதி.